பிரேக் பெடல் வளைகிறதா, அமுங்குகிறதா, திரும்ப மறுக்கிறதா? மாணவர் பந்தயக் கார் அணிகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மாணவர் அணிகளின் வண்டியில் பெரும்பாலான பாகங்களைச் சோதனையாளர் கண்ணால் பார்ப்பார், அளவுகோல் வைத்து அளப்பார். பிரேக் பெடலை மட்டும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முழு பலத்தோடு மிதித்துப் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. பெடலும் அதைத் தாங்கும் அமைப்பும் 2000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்று, மாணவர்களே வடிவமைத்த கார்களுக்கான ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டியின் விதி சொல்கிறது. ஏறக்குறைய 204 கிலோ எடையைப் பெடல் மேல் ஏற்றி வைப்பதற்குச் சமம் அது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போகும் அணியில், எஞ்சினுக்கும் ஏரோவுக்கும் ஆள் அலைமோதுவார்கள். பெடல் முதலாம் ஆண்டு மாணவர் கையில் வந்து சேரும். "சின்னப் பாகம்தானே தம்பி, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்" என்று மூத்தவர் ஒருவர் சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பெடலில் கோளாறு தெரிந்தால் எல்லோரும் முதலில் செய்வது தகட்டைத் தடிப்பாக்குவது. நானும் செய்தேன், 6 மில்லிமீட்டரை 8 ஆக்கினேன், எடை கூடியது, கோளாறு அப்படியே இருந்தது. காலிலிருந்து புறப்படும் விசை எந்த வழியாகப் போய் எங்கே முடிகிறது என்று தேடிய பிறகுதான் காரணம் அகப்பட்டது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் அந்தத் தேடலைத்தான் செய்யப்போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு பெடலை வைத்துக்கொள்வோம். தரையோடு ஒட்டிய அச்சில் சுழலும் வகை. அச்சிலிருந்து கால் படும் இடம் 220 மில்லிமீட்டர் உயரம். பேலன்ஸ் பார், அதாவது கால் விசையை முன், பின் பிரேக்குகளுக்குப் பங்கிடும் தண்டு, நுழையும் துளை 44 மில்லிமீட்டர் உயரம். 220ஐ 44ஆல் வகுத்தால் 5. அதுதான் பெடல் விகிதம்.

கால் 2000 நியூட்டன் கொடுத்தால் பேலன்ஸ் பாரில் 10,000 நியூட்டன். இதுவரை எல்லோரும் போட்டுவிடுவார்கள். அடுத்த வரியைத்தான் பலர் எழுதுவதில்லை: மாஸ்டர் சிலிண்டர்கள் (பிரேக் திரவத்தை அழுத்தும் உருளைகள்) பெடலை 10,000 நியூட்டனில் பின்னால் தள்ளுகின்றன, கால் 2000 நியூட்டனில் முன்னால் தள்ளுகிறது. மீதி 8000 நியூட்டனை அச்சு போல்ட் கொடுத்தாக வேண்டும். அதாவது, நீங்கள் முன்னோக்கி மிதிக்கும்போது அச்சைப் பிடித்திருக்கும் தாங்கி ஓட்டுநரை நோக்கிப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். இந்த மூன்று எண்களையும் உங்கள் பெடலுக்குப் போட்டு, ஒரு காகிதத்தில் அம்புக்குறிகளோடு வரைந்து பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். இனி வருவதற்கெல்லாம் அது தேவைப்படும்.

அறிகுறி: சிமுலேஷனில் தாங்கியது, மிதித்ததும் வளைந்தது

முதலில் சிமுலேஷனைத் திறந்து, அச்சுத் துளையை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை அந்தத் துளை எல்லாத் திசையிலும் அசையாதபடி இறுக்கப்பட்டிருக்கும். அப்படியானால் உங்கள் கணினியில் இருப்பது பெடல் அல்ல. நிலத்தில் நட்ட கம்பம். வளைவு முழுவதும் அடியில் விழும், பேலன்ஸ் பார் துளைக்கு வேலையே இருக்காது. உண்மையான பெடலில் வளைவு மிக அதிகமாக இருப்பது அந்தத் துளை இருக்கும் இடத்தில்தான். அச்சில் வளைவு சுழியம்.

சரியாகச் செய்வதென்றால் அச்சுத் துளை சுழலும்படி விடப்பட வேண்டும். பேலன்ஸ் பார் துளை, பாரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடின் திசையில் மட்டும் தடுக்கப்பட வேண்டும். ஓட்டி முடித்ததும் வண்ணப் படத்தைப் பார்க்காதீர்கள். எதிர்விசைகளைக் கேளுங்கள். 8000, 10,000 என்று வந்தால் மாதிரி சரி. வராவிட்டால் அந்தச் சிவப்பு நீலப் படத்துக்குப் பொருளே கிடையாது.

அடுத்து கையால் ஒரு சரிபார்ப்பு. பேலன்ஸ் பார் துளை இருக்கும் இடத்தில் வளைவுத் திருப்பம் 2000 × 176, அதாவது 352 நியூட்டன் மீட்டர். 5 மில்லிமீட்டர் எஃகுத் தகடு இரண்டு, அந்த இடத்தில் அகலம் 40 மில்லிமீட்டர் என்றால், துளை இல்லாத கணக்கில் தகைவு சுமார் 132 மெகாபாஸ்கல். நடுவில் 25 மில்லிமீட்டர் துளை போட்டால் 175க்கு ஏறுகிறது. சாதாரணக் கட்டுமான எஃகின் நெகிழ்வு எல்லை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு, 250. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் துளைக்கு இருபுறமும் எஞ்சியிருப்பது ஏழரை மில்லிமீட்டர்தான் என்பதையும், அங்கேதான் பேலன்ஸ் பார் உட்காரும் குழாயை வெல்டிங் செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே தடிப்பைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவதுதான் லாபம். அகலம் இருமடியாகக் கணக்கில் வருகிறது, தடிப்பு ஒருமடியாகத்தான் வருகிறது. துளையைச் சுற்றி மட்டும் தகட்டை 50 மில்லிமீட்டருக்கு விரித்துவிட்டு மேலே குறுக்கிக்கொண்டே போகலாம். கால் படும் இடத்தில் வளைவு இல்லை, அங்கே இத்தனை உலோகம் எதற்கு?

அலுமினியத்தில் செய்தவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: வெல்டிங் செய்தீர்களா? 6061-டி6 அலுமினியத்தின் நெகிழ்வு எல்லை சுமார் 275 மெகாபாஸ்கல் என்று அட்டவணையில் இருக்கும். வெல்டிங் சூடு பட்ட பகுதியில், மறுபடி வெப்பப் பதம் செய்யாவிட்டால், அது ஏறத்தாழ பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். சிமுலேஷனுக்கு அது தெரியாது. அலுமினியம் வேண்டுமென்றால் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுங்கள். வெல்டிங்தான் கைவசம் என்றால் எஃகுக்குப் போய்விடுங்கள். எடை கொஞ்சம் கூடும், தூக்கம் நன்றாக வரும்.

அறிகுறி: பெடல் நேராகப் போகாமல் முறுக்கிக்கொள்கிறது

ஒற்றைத் தகட்டில் பெடல் செய்து, கால் மிதிக்கும் தட்டை ஒரு பக்கமாக நீட்டியிருப்பீர்கள். கால் விழும் இடம் தகட்டிலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி என்றால் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 6 மில்லிமீட்டர் தடிப்பும் 40 மில்லிமீட்டர் அகலமும் உள்ள எஃகுத் தகடு அதில் 2 டிகிரிக்கு மேல் திருகும். அதே அளவு அலுமினியம் 6 டிகிரியைத் தாண்டும். தட்டையான தகடு முறுக்குக்கு ஆகவே ஆகாது. இரண்டு தகடுகளை இடைவெளி விட்டு நிறுத்தி முன்னும் பின்னும் மெல்லிய தகடு வைத்து மூடினால் பெட்டி ஆகிவிடும். முறுக்கு காணாமல் போகும். மூட முடியாதென்றால் கால் தட்டையாவது நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: மிதித்தால் பஞ்சு போல் அமுங்குகிறது

"காற்று இருக்கிறது, மறுபடி பிளீடிங் பண்ணு" என்று பிரேக் திரவத்தைப் புட்டி புட்டியாகத் தீர்க்கும் அணிகள் உண்டு. பிளீடிங் என்றால் குழாயில் சிக்கிய காற்றைத் திரவத்தோடு வெளியேற்றுவது. ஒரு முறை ஒழுங்காகப் பிளீடிங் செய்த பிறகும் பஞ்சாக இருந்தால் நிறுத்துங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய்களைக் கழற்றி, வாயில் அடைப்பான் போல்ட்டைப் போட்டு இறுக்குங்கள். சிலிண்டருக்குள் காற்று இல்லாதபடி செய்துவிட்டு மிதியுங்கள்.

இப்போது பெடல் கல்லாக நின்றால் கோளாறு குழாயிலோ, டிஸ்கைப் பிடித்து நிறுத்தும் காலிப்பரிலோ இருக்கிறது. காலிப்பரின் பிளீடிங் திருகு மேல்நோக்கி இருக்கிறதா, டிஸ்க் கோணலாக ஓடிப் பேடைப் பின்னுக்குத் தள்ளுகிறதா என்று அந்தப் பக்கம் தேடலாம்.

அடைத்த பிறகும் அமுங்கினால்? திரவம் போக வழியே இல்லை. அப்படியானால் அமுங்குவது உலோகம். பெடல் விகிதம் 5 என்பதால் மாஸ்டர் சிலிண்டர் தாங்கி 2 மில்லிமீட்டர் வளைந்தாலே காலுக்கு 10 மில்லிமீட்டர் தெரியும். பெடல் தகடு வளைவது இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. தாங்கியின் பின்னால், நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜை வைத்து, நண்பரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு அச்சுத் தாங்கியில் வைத்துப் பாருங்கள். எங்கே முள் ஓடுகிறதோ அங்கே வேலை.

பெரும்பாலும் முள் ஓடும் இடம், சட்டகத்தின் முன்புறக் குழாய்களுக்கு நடுவே பற்றவைத்த ஒரு தட்டைத் தகடு. அதில்தான் மாஸ்டர் சிலிண்டர்கள் இருக்கும். பெடல் அச்சு தரையில் வேறொரு குழாயில் இருக்கும். சுவரில் ஒட்டிய படத்தை இப்போது பாருங்கள். 10,000 நியூட்டன் அந்தத் தகட்டை முன்னால் தள்ளுகிறது, 8000 நியூட்டன் தரைக் குழாயைப் பின்னால் இழுக்கிறது. உங்கள் சட்டகத்தின் மூக்கை இரண்டாகப் பிளக்கப் பார்க்கிறீர்கள்.

ஒரே அடித்தகட்டில் அச்சுத் தாங்கியையும் மாஸ்டர் சிலிண்டர் தாங்கியையும் சேர்த்து வைத்தால் இந்த இரண்டு பெரிய விசைகளும் அந்தத் தகட்டுக்குள்ளேயே ஒன்றையொன்று தின்றுவிடும். வெளியே சட்டகத்துக்குப் போவது மீதி 2000 நியூட்டனும் அதன் திருப்பமும்தான். நான் 8 மில்லிமீட்டர் தகட்டோடு போராடிய அந்தப் பெடல், இப்படி மாற்றியபோது 5 மில்லிமீட்டர் இரட்டைத் தகட்டில் நின்றது. பிளீடிங் வேலைக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அந்தத் திருப்பத்தை மறக்க வேண்டாம். கால் படும் இடம் அடித்தகட்டிலிருந்து 250 மில்லிமீட்டர் உயரம், முன் பின் போல்ட்களுக்கு இடையே 200 மில்லிமீட்டர் என்றால், பின்புற போல்ட்களைச் சேர்த்து 2500 நியூட்டன் மேலே இழுக்கும். போல்ட் தாங்கிவிடும். அது அழுத்திப் பிடித்திருக்கும் தரைத் தகடு தாங்குமா என்பதுதான் கேள்வி. ஓட்டுநர் உயரத்துக்கேற்ப நகர்த்தும் தண்டவாளம் வைத்தவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தண்டவாளத்தின் தளர்வு முழுவதும் காலுக்கு வந்து சேரும்.

அறிகுறி: பெடல் கல்லாக இருக்கிறது, சக்கரம் பூட்ட மறுக்கிறது

பிரேக் சோதனையில் நான்கு சக்கரங்களும் பூட்டியாக வேண்டும், அதாவது சுழலாமல் நின்றாக வேண்டும். ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன் அவரிடம் எவ்வளவு கேட்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். ஒரு வண்டியின் முன் சக்கரம் பூட்ட 101 பார் அழுத்தம் தேவை என்று வைத்துக்கொள்வோம். முன் மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 16 மில்லிமீட்டர், பேலன்ஸ் பார் முன்னுக்கு 65 விழுக்காடு கொடுக்கிறது, பெடல் விகிதம் 5. கால் கொடுக்க வேண்டியது சுமார் 625 நியூட்டன். ஒவ்வொரு வளைவிலும் 64 கிலோவைக் காலால் தூக்குவது போல. 14 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு மாறினால் அது 480க்கு இறங்குகிறது. விலை என்னவென்றால், அதே திரவத்தைத் தள்ள பெடல் 30 விழுக்காடு அதிகத் தூரம் போக வேண்டும். ஆகவே அமுங்கும் பெடலைச் சரிசெய்யாமல் சிறிய சிலிண்டர் போட்டால் பெடல் முட்டித் தீர்ந்துவிடும். மேலே சொன்ன வேலையை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

விகிதத்தை 5லிருந்து 6 ஆக்கலாமே என்று கேட்பீர்கள். ஆக்கலாம். அப்போது 2000 நியூட்டன் சோதனையில் பேலன்ஸ் பாருக்கு 12,000 வரும், அச்சுக்கு 10,000 வரும். சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரையுங்கள்.

அறிகுறி: ஒருமுறை முன் சக்கரம் பூட்டுகிறது, அடுத்த முறை பின் சக்கரம்

பேலன்ஸ் பார் எங்கோ உரசுகிறது. பாரின் நடுவில் உள்ள கோள பேரிங், குழாய்க்குள் தடையின்றி அசைகிறதா என்று விரலால் பாருங்கள். வெல்டிங் சூட்டில் குழாய் நெளிந்திருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். வெல்டிங்குக்குப் பிறகுதான் குழாயின் உள்விட்டத்தை, துளையைத் துல்லியமாக்கும் ரீமர் போட்டு இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்தது கிளெவிஸ், அதாவது பாரின் நுனியை புஷ் ராடோடு இணைக்கும் கவை. பெடலின் பக்கத்தோடு ஒட்டி நின்றால் பார் சாயும்போது முட்டும். சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

பெடல் சும்மா இருக்கும்போது பாரை நேராக வைத்துவிட்டு, மிதிக்கும்போது கோணலாகிறதே என்று வருந்துவோர் உண்டு. தலைகீழாகச் செய்யுங்கள். முன், பின் சுற்றுகள் விழுங்கும் திரவம் வேறு வேறு. பலமாக மிதித்த நிலையில் பார் நேராக வரும்படி புஷ் ராட் நீளங்களைச் சரிசெய்யுங்கள்; சும்மா இருக்கும்போது எப்படி நின்றால் என்ன?

அறிகுறி: ஓடஓட பிரேக் தானாகவே இறுகுகிறது

காலையில் நன்றாக ஓடிய வண்டி, நாலு சுற்றுக்குப் பிறகு தள்ளினால் நகர மறுக்கிறது. ஆறியதும் சரியாகிவிடுகிறது. புஷ் ராட் மாஸ்டர் சிலிண்டரை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். சிலிண்டருக்குள் இருக்கும் சிறு திரும்பு துளை மூடியே கிடப்பதால் சூடாகி விரிந்த திரவம் தொட்டிக்குத் திரும்ப வழியில்லை; அது காலிப்பரைத் தள்ளுகிறது. பெடலைப் பின்னால் நிறுத்தும் ஒரு தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பில் பெடல் சாய்ந்திருக்கும்போது புஷ் ராடில் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். காலுக்கு அது இரண்டரை முதல் 5 மில்லிமீட்டராகத் தெரியும். அதை மேலே சொன்ன அமுங்கலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: பெடல் பக்கவாட்டில் ஆடுகிறது

புஷ், அதாவது அச்சு போல்ட்டைச் சுற்றியுள்ள உறை, குட்டை. 12 மில்லிமீட்டர் நீள புஷ்ஷில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி, 220 மில்லிமீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டராகிறது. புஷ்ஷை 40 மில்லிமீட்டருக்கு நீட்டினால் அரை மில்லிமீட்டர்தான். லேசர் வெட்டிய துளையில் நேரடியாகப் புஷ்ஷை அடித்து இறக்காதீர்கள். அந்தத் துளை முழு வட்டமாக இருக்காது. அரை மில்லிமீட்டர் சிறிதாக வெட்டச் சொல்லி, ரீமரால் முடியுங்கள்.

ஆட்டத்தைப் பார்க்கும்போதே அச்சு போல்ட் இரண்டு பக்கமும் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எம்8 போல்ட் இருபுறத் தாங்கிக்கு நடுவே நின்றால் 8000 நியூட்டனுக்கு 80 மெகாபாஸ்கல் வெட்டுத் தகைவுதான். அதே போல்ட் ஒரு பக்கத் தாங்கியிலிருந்து 15 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றால் வளைவுத் தகைவு 2300 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. 8.8 தர போல்ட்டின் நெகிழ்வு எல்லை 640. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நட் கழலாதபடி நைலாக் நட்டோ பின்னோ போட்டு, குறைந்தது இரண்டு மரை வெளியே தெரிய வேண்டும். மரை ஒட்டும் பசையைக் காட்டிச் சோதனையாளரைச் சமாதானப்படுத்த முடியாது.

அறிகுறி: வெல்டிங் ஓரத்தில் முடி போல் ஒரு கோடு

அது கீறலா விரிசலா என்று விவாதித்துக்கொண்டிருக்காமல், பட்டறைகளில் டிபி டெஸ்ட் என்று சொல்லும் சிவப்புச் சாயச் சோதனையைச் செய்யுங்கள். விரிசல் என்றால் அதன் மேலேயே இன்னொரு வெல்டிங் போட்டு மறைக்க வேண்டாம். பாகத்தைத் தூக்கிப் போடுங்கள். புதியதில், ஓட்டுநரைப் பார்த்த விளிம்பில் வெல்டிங்கைத் தொடங்கவோ முடிக்கவோ கூடாது. மிதிக்கும்போது இழுவைக்கு உள்ளாவது அந்த விளிம்புதான்.

அறிகுறி: ஓவர்டிராவல் சுவிட்ச் அணையவே இல்லை

ஒரு பிரேக் சுற்று செத்துப்போனால் பெடல் வழக்கத்தைவிட அதிகமாக முன்னால் போகும். அப்போது இந்தச் சுவிட்சில் இடித்து வண்டியை நிறுத்த வேண்டும். பல அணிகள் சுவிட்சைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு "வேலை செய்கிறது" என்று குறித்துக்கொள்கின்றன. முன் சுற்றின் பிளீடிங் திருகைத் திறந்து வைத்து மிதியுங்கள். பேலன்ஸ் பார் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த பார் குழாயில் முட்டியோ, மாஸ்டர் சிலிண்டர் அடிவரை போயோ பெடல் நின்றுவிட்டால், சுவிட்ச் இன்னும் 5 மில்லிமீட்டர் தள்ளி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுவிட்சை நெருக்கி வைத்து, பின் சுற்றைத் திறந்து அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். இரண்டுக்கும் சுவிட்ச் விழுந்த பிறகு, எல்லாத் திருகையும் மூடி, நல்ல பிரேக்கோடு ஓட்டுநர் தன் முழு பலத்தோடு மிதிக்கும்போது சுவிட்ச் விழவில்லை என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு காலிப்பர் மேல் வழிந்த பிரேக் திரவத்தை உடனே துடைத்துவிடுங்கள், பெயிண்டைத் தின்றுவிடும்.